நீலக் கூரையின் கீழ்: கோலாலம்பூர் நூலகப் பயணக் குறிப்புகள்

செவ்வாய்

மலேசியத் தேசிய நூலகத்துக்கு வழி கேட்பவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். செந்தூலில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். செந்தூலிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் அடுத்த நிறுத்தம் தித்திவங்சா. அங்கே இறங்கி எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்துக்கு மாறினால் ஒரே நிறுத்தத்தில் கோலாலம்பூர் மருத்துவமனை. 2023இல் இந்தத் தடம் முழுதாகத் திறந்ததிலிருந்து தேசிய நூலகத்துக்கு டாக்சி தேட வேண்டியதில்லை. மேலே ஏறி வெளியே வந்தால் ஜாலான் துன் ரசாக். மாமா இன்னமும் அதை சர்க்குலர் ரோடு என்றுதான் சொல்கிறார். நாட்டின் இரண்டாம் பிரதமர் துன் ரசாக் 1976இல் காலமான பிறகுதான் சாலைக்கு அவர் பெயர் வந்தது.

கட்டடம் தூரத்திலேயே தெரிந்துவிடும். பெரிய நீலக் கூரை, சரிவும் மடிப்புமாக. மலாய் அரசர்களும் கல்யாண மாப்பிள்ளைகளும் தலையில் கட்டும் தெங்கோலோக்கைப் பார்த்து அந்த வடிவத்தை எடுத்திருக்கிறார்கள். அறிவுக்கும் மரியாதைக்கும் அடையாளமாக அவர்கள் மதிக்கும் தலைக்கட்டு அது. நூலகத்துக்கு அதைக் கூரையாக வைக்க வேண்டும் என்று யோசித்தவரை எனக்குப் பிடித்துப்போனது. பக்கத்திலேயே இஸ்தானா புடாயா அரங்கமும் தேசிய ஓவியக் கூடமும் இருக்கின்றன. ஒரு நாள் ஒதுக்கினால் மூன்றையும் பார்க்கலாம். நான் மற்ற இரண்டையும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

இந்த நூலகத்தின் வயது பலருக்கு வியப்பாக இருக்கும். பினாங்கில் 1817இலேயே நூலகம் இருந்தது. எங்கள் தைப்பிங்கில் இருக்கும் பேராக் அரும்பொருளகம் 1883இல் தொடங்கியது. ஆனால் நாட்டுக்கென்று ஒரு நூலகம் சுதந்திரம் கிடைத்து ஒன்பது ஆண்டு கழித்துத்தான் கருவானது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் இந்தப் பகுதியின் பெரிய நூலகத்தைச் சிங்கப்பூரில் வைத்திருந்தார்கள். ராஃபிள்ஸ் நூலகம் என்று பெயர். 1886இல் வந்த நூல் பதிவுச் சட்டப்படி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்று ஊர்களிலும் அச்சான புத்தகங்களில் ஒரு படி அங்கே போனது, இன்னொரு படி லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கப்பலேறியது. 1960இல் ராஃபிள்ஸ் நூலகம் சிங்கப்பூரின் தேசிய நூலகமாகப் பெயர் மாறியது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது.

அடுத்த ஆண்டே, 1966இல், கோலாலம்பூர் ஆவணக் காப்பகத்துக்குள் ஒரு சின்னப் பிரிவாகத் தேசிய நூலகப் பணி தொடங்கியது. அதே ஆண்டில் நூல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1972இல் தேசிய நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்புறமும் சொந்தக் கட்டடம் இல்லை. 80களில் ஜாலான் ராஜா லாவுட்டில் விஸ்மா தாக்குர்தாஸ் என்ற கட்டடத்தில் இயங்கினார்கள். மாமாவுக்கு அந்த இடம் நன்றாக நினைவிருக்கிறது. ஊர்ப் பத்திரிகைகளைப் படிக்க அங்கே போயிருக்கிறாராம். இப்போதுள்ள நீலக் கூரைக் கட்டடம் 1994இல் அதிகாரபூர்வமாகத் திறந்தது. அதாவது ஒரு நாட்டின் நூலகம் சொந்த வீட்டுக்குக் குடிபோக ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது. அந்த முப்பது ஆண்டுக்குள் எத்தனை அச்சகங்கள் மூடினவோ, எத்தனை தோட்டங்கள் கைமாறினவோ.

நான் வந்த காரியமும் அதுதான். இந்த நாட்டில் அச்சான தமிழ்ப் புத்தகங்களில் எது எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். புத்தகம் என்றால் கதை, கவிதை மட்டும் அல்ல. பள்ளி மலர், கோயில் குடமுழுக்கு மலர், இளைஞர் மன்றத்தின் ஆண்டு மலர், தொழிற்சங்கத்தின் துண்டு நூல், எல்லாமும்.

இன்று பெயர் பதிந்து, பையைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, ஒரு சுற்று சுற்றி வந்தேன். பெற்றோரோடு வந்த பிள்ளைகள், பரீட்சைக்குப் படிக்கும் கல்லூரி மாணவர்கள், நாளிதழ் மேசையில் பெரியவர்கள். நாளை சுவடிகள்.

புதன்

இன்றைக்கு நிறைய எழுத இருக்கிறது.

மலாய்ச் சுவடிகளுக்கான தேசிய மையம் இந்த நூலகத்தின் உள்ளேதான் இருக்கிறது. 1985இல் தொடங்கினார்கள். 4,000க்கும் மேற்பட்ட சுவடிகள் சேர்ந்திருக்கின்றன. கதைகள், செய்யுள், அரசாணை, கடல் சட்டம், மருத்துவக் குறிப்பு, கடிதங்கள், சமய நூல்கள். பெரும்பாலும் ஜாவி எழுத்தில், அதாவது அரபு எழுத்தை மலாய்க்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்த எழுத்தில். நல்ல சுவடிகளில் பெரும்பகுதி லெய்டனிலும் லண்டனிலும் ஜகார்த்தாவிலும் கிடக்கிறது. காலனி ஆட்சிக்காலத்தில் அதிகாரிகள் வாங்கியும் பிரதியெடுத்தும் கொண்டுபோனவை. அவற்றின் நுண்படங்களையாவது இங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

ஓலைச்சுவடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை புதிது. இவை ஓலை அல்ல, தாள். அதுவும் ஐரோப்பியத் தாள். வெளிச்சத்தில் பிடித்தால் ஆலையின் நீர்க்குறி தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரித்து வைத்திருந்த ஒரு சுவடியின் முன் நெடுநேரம் நின்றேன். கறுப்பு மையில் ஓடும் வரிகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு சொல் மட்டும் சிவப்பு மையில். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். 'மாக்கா' (பிறகு) என்றும் 'ஷஹ்டான்' (மேலும்) என்றும் வந்தது. பழைய ஜாவியில் முற்றுப்புள்ளி கிடையாது, பத்தி பிரிப்பு கிடையாது. வாக்கியம் எங்கே தொடங்குகிறது, கதை எங்கே திரும்புகிறது என்பதை இந்தச் சொற்கள்தான் சொல்கின்றன. வாசிப்பவர் சபையில் உரக்கப் படிக்கும்போது தடுமாறக் கூடாதென்று எழுத்தர் அவற்றுக்குச் சிவப்பு மை தொட்டிருக்கிறார். பக்கத்தின் அடியில், ஓரமாக, சாய்வாக ஒரே ஒரு சொல். அடுத்த பக்கம் எந்தச் சொல்லில் தொடங்கும் என்ற குறிப்பு அது. தாள்கள் கலைந்துபோனாலும் வரிசைப்படுத்திவிடலாம். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ஏட்டு எண் ஓரத்தில் இருக்கும். இரண்டு மரபிலும் எழுதியவர், தனக்குப் பிறகு வரும் வாசகரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்.

மை பட்ட இடங்களில் தாள் பழுப்பேறி, சில எழுத்துகள் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. இரும்புச் சத்துள்ள அந்தக் காலத்து மை காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். அதோடு நம் ஊர்ப் புழுக்கமும் பூச்சியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். கையில் கிடைக்கும் மலாய்ச் சுவடிகளில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகளாக இருப்பதற்கு அதுவே காரணம். கதை பழையதாக இருக்கும், தாள் பிந்தியதாக இருக்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து மறுபடி எழுதியதால் பிழைத்தவை.

இங்குள்ள சுவடிகளில் புகழ்பெற்றது ஹிகாயாட் ஹங் துவா. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதே ஆண்டில் மலாய் அரசர்களின் வரலாறு சொல்லும் செஜாரா மெலாயுவும் சேர்ந்தது. அந்தச் சுவடியை வைத்திருப்பது மலாய் மொழி வளர்ச்சிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா. மலேசியாவில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் ஹங் துவாவைத் தெரியும். மலாக்காவின் வீரன், மன்னனுக்காக உயிர் நண்பன் ஜெபாட்டையே கொன்றவன். நாமும் பாடப் புத்தகத்தில் அந்தச் சண்டையோடு நிறுத்திவிடுகிறோம்.

ஆனால் கதை பெரியது. அதில் ஹங் துவா மலாக்கா மன்னரின் தூதராக நம் பக்கத்துக் கரைக்கும் வருகிறான். அவன் பார்க்கப் போவது விஜயநகரத்தை. அரசன் பெயர் கிஸ்னா ராயன் என்று சுவடி சொல்கிறது. நம் காதுக்குக் கிருஷ்ணதேவராயர் உடனே நினைவுக்கு வருவார். அந்த நாட்டு மொழியில் ஹங் துவா சரளமாகப் பேசுவதைக் கேட்டு அரசவை வியக்கிறது. பின்பு கிஸ்னா ராயனே அவனைத் தன் தூதராகச் சீனாவுக்கு அனுப்புகிறான். மலாக்காக்காரன் ஒருவன் விஜயநகரத்தின் சார்பில் சீனப் பேரரசனைப் பார்க்கப் போகிறான்! கதைதான், வரலாறு அல்ல. இருந்தாலும், இப்படியொரு பயணம் நடக்கும் என்று நம்பிய வாசகர்கள் இருந்த ஊர் மலாக்கா. இந்தப் பகுதியைப் பள்ளியில் நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பிற்பகலில் இன்னொரு மலாக்காக்காரரைப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டு மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. தமிழ் வழியும் அரபு வழியும் கலந்த குடும்பம். 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த தன் வரலாற்றில், சிறுவனாக இருக்கும்போது அப்பா தன்னைத் தமிழ் படிக்க அனுப்பியதை எழுதுகிறார். மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாம். கணக்கு வழக்குக்கும், ஊரில் நிறைந்திருந்த வியாபாரிகளோடு பேசுவதற்கும் அது வேண்டியிருந்தது. எந்தச் சட்டமும் சொல்லாமல், பிழைப்பின் தேவைக்காக ஒரு ஊரே தமிழ் படித்த காலம் அது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வியாழன்

இன்று தமிழ்.

1986இல் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் வந்தது. இந்த நாட்டில் யார் எதை அச்சிட்டு வெளியிட்டாலும், வெளிவந்த ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அச்சுப் புத்தகம் என்றால் ஐந்து படி. புத்தகம், இதழ், வரைபடம், சுவரொட்டி, ஒலிநாடா, படச்சுருள் எல்லாம் இதில் அடக்கம். பெரிய பதிப்பகத்துக்கு இது பழகிய வேலை. நூலுக்கு நூல் தரும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். கொடுப்பதும் தேசிய நூலகம்தான். உங்கள் வீட்டிலிருக்கும் மலேசியத் தமிழ் நூல் எதையாவது எடுத்துப் பதிப்புப் பக்கத்தைப் பாருங்கள். 978ஐ அடுத்து 967 அல்லது 983 இருக்கும். அண்மைக்கால நூல் என்றால் 629ம் இருக்கலாம். அது மலேசியாவின் எண். பல நூல்களில் அதற்குக் கீழேயே பெர்புஸ்தாக்கான் நெகாரா (தேசிய நூலகம்) என்று போட்டு, நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் ரோமன் எழுத்தில் பட்டியல் அட்டை வடிவில் அச்சாகியிருக்கும்.

1967ஆம் ஆண்டு முதல் தேசிய நூற்பட்டியலும் வந்துகொண்டிருக்கிறது. மலாய், ஆங்கில, சீன நூல்களோடு தமிழ் நூல்களும் அதில் இடம்பெறுகின்றன. இதன் அருமை தேடுகிறவர்களுக்குத்தான் தெரியும். புத்தகமே தொலைந்துபோனாலும், இப்படி ஒன்று இருந்தது, இன்ன ஊரில் இன்ன அச்சகத்தில் அடித்தார்கள் என்பதாவது நிற்கும்.

தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உலகில் பல நூலகப் பட்டியல்களில் தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கும். ழகரத்தையும் ளகரத்தையும், நெடிலையும் குறிலையும் ஆளுக்கொரு விதமாக எழுதிப் பழகிவிட்டோம். ஆகவே தலைப்பை மட்டும் நம்பாமல் ஆசிரியர் பெயரில், பதிப்பித்த ஊரில், ஆண்டில் தேடுங்கள். நூலகரிடம் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. நான் கேட்டதும் ஒரு தமிழ்ப் பெண் உள்ளேயிருந்து வந்தார். "டீச்சர், பழசு தேடுறீங்களா, புதுசா?" என்றார். பழசு என்றேன். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பழசு என்றால் எவ்வளவு பழசு? சிங்கப்பூரில் 1870களிலேயே தமிழ் இதழ் வந்துவிட்டது. பினாங்கில் 1883இல் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' நடத்தினார். மலேசியாவின் முதல் தமிழ் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'கருணாசாகரன்' 1917இல் வந்தது, எழுதியவர் க. வெங்கடரத்தினம். கோலாலம்பூரில் 1924 செப்டம்பரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றது. இத்தனையும் ஒப்படைப்புச் சட்டத்துக்கு முந்தி வந்தவை, அல்லது முந்தித் தொடங்கியவை. தேசிய நூலகம் தோன்றியதே 1966இல். அதற்கு முன்பு அச்சானது எதையும் யாராவது தேடிக் கொண்டுவந்து சேர்த்திருந்தால்தான் உண்டு.

பழைய நாளிதழ்களை நுண்படச் சுருளில் பார்க்கலாம். கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற நாட்கள் ஓடுகின்றன. 50களின் தமிழ்ப் பத்திரிகையில் எனக்குச் செய்தியைவிட விளம்பரம்தான் பிடித்தது. ரஜுலா கப்பல் எந்தத் தேதி புறப்படுகிறது, நாகப்பட்டினம் போகுமா, சென்னை மட்டுமா. தைலம், பட்டுப் புடவை, தங்க நகை. ஒரு மூலையில் கட்டம் கட்டி, இத்தனையாம் ஆண்டு தோட்டத்தை விட்டுப் போன அண்ணன் எங்கிருந்தாலும் முகவரி எழுதவும் என்று தம்பி கேட்டிருக்கிறார். அந்தச் சுருளிலிருந்து எழுந்து வர மனமே இல்லை.

ஆனால் நான் தேடிவந்த மலர்கள்? சில கிடைத்தன. பெரிய கோயில்களின் மலர், நகரத்துப் பள்ளிகளின் பொன்விழா மலர். தோட்டத்து மலர் என்று கேட்டால் கையில் எண்ணிவிடலாம். இதில் நூலகத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒப்படைத்தால்தானே வைத்திருப்பார்கள். முந்நூறு படி அடித்து, விழா மேடையில் நன்கொடையாளருக்குக் கொடுத்து, மீதியை வந்தவர்களுக்கு விநியோகித்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். ஐந்து படியை எடுத்துத் தனியே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சட்டம் இருப்பது தெரியாதவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர்.

1957இல் இந்த நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள். இன்று 500 சொச்சம். மூடிய பள்ளிகளில் பெரும்பாலானவை சின்னத் தோட்டத்துப் பள்ளிகள். கட்டடமும் போய்விட்டது, கித்தா (ரப்பர்) மரமும் போய்விட்டது, ஆளும் கலைந்துபோனார்கள். அங்கே யார் தலைமையாசிரியர், எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பதற்கு அந்த மலர்தான் சாட்சி. வேறு ஆவணமே இல்லாத ஊர்கள் எத்தனையோ உண்டு. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக அலுவலகங்களில் இடைவேளை நீளம். அதனால் காலையில் பசியாறிவிட்டு நேரத்தோடு கிளம்பி, எல்.ஆர்.டி. பிடித்து யூனிவர்சிட்டி நிறுத்தத்தில் இறங்கி, பேருந்தில் மலாயாப் பல்கலைக்கழகம் போனேன். முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டிருந்தேன்.

மலேசியத் தமிழ் நூல்களைப் பற்றிப் பேசிவிட்டு மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியபோது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அந்தத் துறையில் வடமொழிக்கே முதலிடம் தரலாம் என்ற யோசனை அதற்கு முன்பு எழுந்தது. இங்கிருந்த இந்தியர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். பால்மரம் சீவியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நகராட்சியில் கூட்டியவர்கள் கொடுத்தார்கள். துறையில் தமிழ் வந்தது. திரண்ட பணம் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமையப் போனது.

அன்றைய ஒரு வெள்ளி ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சில்லறைக் காசு அல்ல. கொடுத்தவர்களில் பலருக்கு அந்தப் பல்கலைக்கழக வாசல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அவர்கள் பிள்ளைகளே அங்கே போவார்கள் என்ற உறுதியும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட யாரோ ஒரு மாணவன் படிக்கட்டும் என்று புத்தகம் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உலகத்தில் எத்தனையோ நூலகங்கள் மன்னர்களாலும் கோடீஸ்வரர்களாலும் எழுந்தவை. இப்படி எழுந்ததை நினைத்து நாம் எவ்வளவு பெருமைப்பட்டாலும் தகும்.

பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயக அடிகள் தலைவராகப் பொறுப்பேற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இங்கே கூடியதும், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதே ஆண்டில் அடிகளார் வெளியிட்ட இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழாய்வுக்கு உதவும் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றை மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தார். மாநாட்டுக்கு வரும் அறிஞர்களுக்கு முதலில் பட்டியல் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 1969இல், இராம சுப்பையா ஒரு வேலை செய்தார். 'தமிழ் மலேசியானா' என்ற பெயரில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழக நூலகம். இன்று மேசையில் வைத்து நான் புரட்டியது அதைத்தான். கதைப் புத்தகம்போலப் படித்தேன் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு பதிவும் ஒரு வரி, இரண்டு வரி. பெயர், ஊர், அச்சகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை. பினாங்கு, ஈப்போ, சிரம்பான், மலாக்கா என்று ஊர்கள் மாறிக்கொண்டே வருகின்றன. பாதிப் புத்தகங்களின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கணினி இல்லாத காலத்தில், அட்டை அட்டையாக எழுதி, அகரவரிசைப்படுத்தி, ஒருவர் இதை முடித்திருக்கிறார். பின்னால் வந்த ஒவ்வொரு ஆய்வாளரும் இந்தப் பட்டியலில் நின்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

அலமாரிகளுக்கு நடுவே நடந்தேன். தடித்த அட்டை போட்டுக் கட்டிய பழைய இதழ்த் தொகுதிகள். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடுகள் வரிசையாக. உள்ளட்டையில் நூலக முத்திரை, திருப்பித் தர வேண்டிய தேதிச் சீட்டு. ஒரு சீட்டில் 1963 முதல் தேதிகள் அடித்திருந்தன. பட்டினத்தார் பாடல். எத்தனையோ கைகள்.

சனி

இன்று எங்கும் போகவில்லை. மாமா போகவிடவில்லை.

நேற்று இரவு சாப்பிடும்போது மலர் கதையைச் சொன்னேன். மாமா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, நீ ஊரெல்லாம் போயி தேடுற. நம்ம வீட்டுல இருக்கறத யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். அத்தை, "அந்தப் பெட்டியத் தூக்கிப் போடச் சொல்லி நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்றார். நல்லவேளை, மாமா கேட்கவில்லை.

காலையில் தகரப் பெட்டி கூடத்துக்கு வந்தது. மேலே தமிழ் நேசன் தீபாவளி மலர்கள், நடுவே தொழிற்சங்க அறிக்கைகள், அடியில் தோட்டத்து மலர்கள். கோயில் திருவிழா அழைப்பிதழ்களைக்கூட நூலில் கோத்து வைத்திருக்கிறார். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, மாமா மகள் மடிக்கணினியில் பதிந்துகொண்டே வந்தாள். பெயர், ஆண்டு, அச்சகம், பக்கம், எத்தனை படி இருக்கிறது. நேற்றுப் பார்த்த பட்டியலின் வரிசைப்படியேதான்.

அவர்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி 1962இல் போட்ட மலர் ஒன்று. அட்டையில் மரக்கட்டை அச்சில் ஒரு குத்துவிளக்கும் புத்தகமும். துருப்பிடித்த கம்பி தாளைத் தின்று, நடுப்பக்கம் தனியாகக் கழன்றுவிட்டது. முதல் பக்கத்தில் தோட்ட நிர்வாகியின் வாழ்த்து, ஆங்கிலத்தில். அடுத்து ஆசிரியர்கள் படம். நான்கு பேர், இருவர் வேட்டியில். ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதிய "நான் கண்ட ரயில்" என்ற கட்டுரை. பின்பாதி முழுக்க நன்கொடைப் பட்டியல். இத்தனையாம் நம்பர் லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெயர், இரண்டு வெள்ளி. அடுத்த பெயர், ஒரு வெள்ளி. பெண்கள் பெயரும் தனியாக வருகிறது, கணவர் பெயரைச் சார்ந்து அல்ல. அவர்களும் பால்மரம் சீவிச் சம்பாதித்தவர்கள்தானே. மாமா விரலை வைத்துக்கொண்டே போனார். "இவரு பினாங்கு போயிட்டாரு. இந்தம்மா பசங்க ரவாங்ல இருக்காங்க. இவங்க ஊருக்கே கப்பலேறிட்டாங்க." அந்தப் பள்ளி இப்போது இல்லை. தோட்டம் செம்பனையாக மாறி, பின்பு ஒரு பகுதி வீடமைப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது.

இரண்டு படிக்கு மேல் இருப்பவற்றைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று முடிவு. வியாழனன்று பார்த்த அந்தப் பெண்ணுக்குப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினேன். பழைய வெளியீடுகளை அன்பளிப்பாகக் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒரே படி இருப்பவற்றை முதலில் ஒளிவருடி எடுத்துவிட்டு அப்புறம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கேட்பதாக இருக்கிறோம். மாமாவுக்கு அசல்களைப் பிரிய மனமில்லை. "நான் இருக்கற வரைக்கும் இந்த ஒண்ணு மட்டும் இங்கயே இருக்கட்டும்" என்று 1962 மலரை எடுத்து வைத்துக்கொண்டார். சரி, அது அவருடையது. வருடிய கோப்பு எங்களிடம் இருக்கிறது.

அந்த மலரில் கடைசி நான்கு பக்கங்கள் இல்லை. நன்கொடைப் பட்டியல் பாதியில், எட்டாம் நம்பர் லயத்தோடு நிற்கிறது. கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கிள்ளான், ரவாங், சுங்கை பூலோ பக்கம் நிறைய இருக்கிறீர்கள். வீட்டில் தகரப் பெட்டி இருந்தால் இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அட்டையில் குத்துவிளக்கும் புத்தகமும் போட்ட மலர். ஒன்பதாம் நம்பர் லயத்திலிருந்து எங்களுக்கு வேண்டும்.